நுரைக்கும் ஆற்றுநீரில் விளைந்த கீரையை உண்ணலாமா?

ஓசூர்ச் சந்தையில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்குகிறீர்கள். இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது, மணத்துக்கும் குறைவில்லை. இது எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. கிணற்று நீரில் வளர்ந்த கட்டும், சாக்கடை கலந்த ஆற்று நீரில் வளர்ந்த கட்டும் கூடையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொல்லப்போனால், சாக்கடை நீரில் வளர்ந்தது சற்றுக் கூடுதல் செழிப்பாகவே தோன்றும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி, மூதறிஞர் இராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அது தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கொத்தமல்லி, புதினா, கீரை வகைகள், ரோஜா ஆகியவை விளையும் பகுதி. அதே ஆற்றின் மீது ஓசூர் அருகே கட்டப்பட்டுள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை பொங்கி எழுவதையும், அந்த நுரை தட்டிகானப்பள்ளிப் பாலத்தை மூடி நிற்பதையும் செய்தித்தாள்களில் படங்களாகப் பார்த்திருப்பீர்கள். இந்த அணையின் இடது, வலதுக் கால்வாய்களை நம்பி ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது.

இந்த நீரில் விளைந்ததை உண்ணலாமா என்று கேட்டால் ஒருவர் "விஷம்" என்பார்; மற்றொருவர் "காலங்காலமாக உண்கிறோம், என்ன ஆயிற்று?" என்பார். இரண்டுமே அவசர விடைகள். உண்மையில் இது ஒரு கேள்வி அன்று, இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடை வேறு, மருந்தும் வேறு. எப்படி என்று பார்ப்போம்.

காவிரி பெண்ணையில் கலந்த கதை

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது.

பெங்களூர் நகரம் ஒரு மேட்டின் மீது அமைந்தது. மேற்கே சரியும் சாக்கடைகள் விருஷபாவதி வழியாகக் காவிரிப் படுகையைச் சேர்கின்றன. கிழக்கே சரிபவை பெல்லந்தூர், வர்த்தூர் முதலிய ஏரிகளில் விழுந்து, நிரம்பி வழிந்து, தென்பெண்ணையைச் சேர்கின்றன. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்ததாக உலகச் செய்தியான பெல்லந்தூர் ஏரி இதுதான்.

பெங்களூர் மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி காவிரியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு அதை இறைத்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டு வருவதற்கானது. ஒரு வீட்டுக்குள் போகும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகவே, காவிரியில் எடுத்த நீரின் ஒரு பகுதி, நகரத்தின் அடுப்படியையும் கழிப்பறையையும் கடந்து பெண்ணையாற்றில் வந்து விழுகிறது. மழை இல்லாத மாதங்களிலும் கெலவரப்பள்ளிக்கு நீர் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். வழியில் தொழிற்சாலைக் கழிவும், கரையோர ஊர்களின் கழிவும் சேர்ந்துகொள்கின்றன.

கால்வாயில் இந்த நீர் வந்தால் விவசாயி என்ன செய்வார்? இதை வேண்டாம், வேறு நீர் கொடு என்று கேட்க அவருக்கு வழியில்லை. அழுக்கைச் சேர்த்தவரும் அவர் அல்லர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நுரை சொல்வது என்ன?

தூய நீரைக் குலுக்கினாலும் குமிழிகள் வரும். ஆனால் உடனே உடைந்துவிடும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். குமிழியின் சுவரில் உள்ள நீர் கீழே வடிய, சுவர் மெலிகிறது. மெலிந்த இடம் பட்டென்று உடைகிறது.

சலவைத்தூளைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. அதன் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டு. எனவே அவை நீரின் பரப்பில் தலையை உள்ளேயும் வாலை வெளியேயும் வைத்து நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன. பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இப்போது குமிழியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்தால், அங்கே மூலக்கூறுகள் விலகி இழுவிசை சற்று உயர்கிறது. உயர்ந்த இழுவிசை பக்கத்து நீரை இழுத்துவந்து ஓட்டையை அடைக்கிறது. தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணிபோல, குமிழி நீண்ட நேரம் நிற்கிறது. அணை மதகிலிருந்து விழும் நீர் காற்றை உள்ளிழுத்துக் கலக்குவதால் நுரை மலையாகக் குவிகிறது.

மேலைநாட்டு ஆறுகளும் 1950களில் இப்படி நுரைத்தன. அக்காலச் சலவைப் பொருளின் வால் கிளைவிட்ட அமைப்பு உடையது; நுண்ணுயிர்களால் அதை எளிதில் தின்ன முடியவில்லை. 1960களில் கிளையற்ற வாலுடைய பொருளுக்கு மாறினார்கள், நுரை குறைந்தது. நாம் இன்று பயன்படுத்துவதும் பெரும்பாலும் அந்த வகையே. ஆனால் அதைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். கழிவு மிகுந்து ஆக்ஸிஜன் தீர்ந்துபோன ஏரியில் அந்த வேலை நடப்பதில்லை.

எனவே நுரை, 'இந்த நீர் சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை' என்று அறிவிக்கும் ஒரு கொடி. அவ்வளவே. அதில் எத்தனை கிருமிகள், எவ்வளவு உலோகம் என்று நுரை சொல்வதில்லை. நுரை அடங்கிவிட்டதால் நீர் தூயதாகிவிட்டது என்றும் பொருளில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைவிடத் தெரியாத ஆபத்தே இங்குக் கவனிக்கத்தக்கது.

கழிவுநீரில் இருக்கும் உரம்

வீட்டுச் சாக்கடை நீரில் 1,000 பங்குக்கு 999 பங்கு வெறும் நீர்தான். மீதி ஒரு பங்கில்தான் எல்லாம் இருக்கிறது: உணவுத் துணுக்கு, மலம், சோப்பு, உப்பு, கூடவே தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாகக் கொள்வோம். இது வழக்கமான அளவுதான். ஒரு பருவத்தில் பயிருக்கு அரை மீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கன மீட்டர் நீர். அதிலுள்ள தழைச்சத்து 80 கிலோகிராம். யூரியாவாக வாங்கினால் 45 கிலோ மூட்டைகளில் கிட்டத்தட்ட நான்கு மூட்டை! கழிவுநீர்ப் பயிர் ஏன் கரும்பச்சையாகச் செழிக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா? அளவு மீறினால் இலை பெருத்துக் காய் குறையும்; பூச்சியும் கூடும்; மிஞ்சிய நைட்ரேட் கிணற்று நீரில் இறங்கும். ஆயினும் இந்த நீரை வெறும் அழுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு செல்வம். அந்தச் செல்வத்தோடு கலந்து வரும் இரண்டு எதிரிகளைத்தான் நாம் இனங்காண வேண்டும்.

முதல் எதிரி: நாளாக ஆகக் குறைவது

மலத்தோடு வரும் நோயுயிர்கள் முதல் எதிரி. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள், மஞ்சள் காமாலை வைரஸ், அமீபா, உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவை இவற்றுள் அடங்கும். 1970ஆம் ஆண்டு ஜெருசலேம் நகரில் காலரா பரவியது. சாக்கடை நீரில் விளைந்து, சமைக்காமல் உண்ணப்பட்ட காய்கறிகளே அது பரவிய வழி என்று பின்னர் தெளிவாயிற்று. விவசாயிக்கு வரும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவரின் பாதத் தோலைத் துளைத்தே கொக்கிப்புழுவின் இளம்புழு உடலுக்குள் நுழைந்துவிடும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சிச் சோகை உண்டாக்கும்.

இந்த உயிர்களை எப்படிக் குறைப்பது? இயற்பியல் இங்குக் கைகொடுக்கிறது. பாய்மம் ஒன்றில் விழும் சிறு கோளம் விரைவில் ஒரு சீரான வேகத்தை அடைகிறது என்றும், அந்த வேகம் கோளத்தின் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றும் ஸ்டோக்ஸ் விதியில் படித்திருப்பீர்கள். உருண்டைப்புழுவின் முட்டை ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் அளவுடையது. நீரைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. விதியில் இந்த எண்களை இட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகம் வருகிறது. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்து அடியில் படிந்துவிடும்.

பாக்டீரியாவோ ஒரு மைக்ரோமீட்டர் அளவே உடையது. விட்டம் ஐம்பதில் ஒன்று என்றால் வேகம் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்றுக்கும் கீழே. நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர்கூட இறங்காது! ஒரு மீட்டர் இறங்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீரின் சிறு சலனமே அதை மேலே கொண்டுவந்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? புழு முட்டைகளை நிற்க வைத்தே பிரித்துவிடலாம். கால்வாய் நீரை நேராகப் பாத்திக்கு விடாமல் ஒரு பண்ணைக்குட்டையில் தேக்கி, கலக்காமல் மேல்மட்டத்து நீரை எடுத்துப் பாய்ச்சினால் போதும். காற்றும் வெப்பமும் நீரைக் கலக்கும் என்பதால், ஏட்டுக் கணக்கின் இரண்டு மணி நேரத்தை நம்பாமல் சில நாட்கள் தேக்குவது நல்லது. மோட்டாரின் உறிஞ்சு குழாயை அடிச்சேற்றில் வைத்தால் எல்லாப் பயனும் கெட்டது. படிந்த முட்டைகளையே இறைத்துக் கொடுப்போம்.

பாக்டீரியாவைத் தேக்கிப் பிரிக்க முடியாது, கொல்ல வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரும், காய்ச்சலும், காலமும் அதைச் செய்கின்றன. இலையின் மேல் தங்கிய கிருமிகள் வெயிலில் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன என்று தோராயமாகச் சொல்லலாம். மேகமூட்டமும் குளிரும் இருந்தால் இது மெதுவாகும். கடும் வெயிலில் விரைவாகும்.

ஏழு படி இறங்கும் கணக்கு

'பத்தில் ஒரு பங்கு' என்று சொன்னதை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். மடக்கை படித்த மாணவர்களுக்கு இது உடனே பிடிபடும். நூறில் ஒன்றானால் இரண்டு படி. ஆயிரத்தில் ஒன்றானால் மூன்று படி. சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அளவில் மலக்கிருமிகள் இருக்கும். பச்சையாக உண்ணும் காய்கறி பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால், வயலிலிருந்து வாய் வரை மொத்தம் ஆறு அல்லது ஏழு படி இறங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்.

இதில் ஒரு புதுமை உண்டு. 1989இல் அதே நிறுவனம், பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக்கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது, லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்று நீருக்கே அளவு விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஊர்களுக்கு அது எட்டாக்கனி. 2006இல், ஏழு படியையும் ஒரே இடத்தில் இறங்க வேண்டியதில்லை, பல இடங்களில் பங்கிட்டு இறங்கலாம் என்ற வழி திறக்கப்பட்டது.

அந்தப் பங்கீடு இதுதான். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிரண்டு படி குறைக்கும். சொட்டுநீர்ப் பாசனம், தரையோடு வளரும் பயிருக்கு இரண்டு படியும், தரைக்கு மேலே காய்க்கும் பயிருக்கு நான்கு படியும் குறைக்கும். அறுவடைக்கு முன் நீரை நிறுத்தினால் நாளுக்கு அரை முதல் இரண்டு படி. நல்ல நீரில் நன்கு கழுவினால் ஒரு படி. தோல் சீவினால் இரண்டு படி. வேக வைத்தால் ஆறு, ஏழு படி.

இப்போது நமது கொத்தமல்லிக்குக் கணக்குப் போடுங்கள். சுத்திகரிப்பில் இரண்டு, சொட்டுநீரில் இரண்டு, அறுவடைக்கு முன் இரண்டு நாள் நீர் நிறுத்தியதில் இரண்டு, வீட்டில் கழுவியதில் ஒன்று, ஆக ஏழு. குச்சி கட்டி வளர்த்த தக்காளி என்றால் சுத்திகரிப்பில் இரண்டு, சொட்டுநீரில் நான்கு, கழுவியதில் ஒன்று, அதுவும் ஏழு. கீரை மசியலும் சாம்பாரும் அடுப்பிலேயே ஏறக்குறைய ஏழு படியையும் இறங்கிவிடுகின்றன. காலங்காலமாக உண்டும் பலர் தப்பித்ததற்குக் காரணம், நம் வீட்டில் பெரும்பாலான காய்கறிகள் கொதிக்க வைக்கப்படுவதுதான்.

ஆனால் கொத்தமல்லியையும் புதினாவையும் நாம் என்ன செய்கிறோம்? இறக்கி வைத்த ரசத்தின் மேல் கிள்ளிப் போடுகிறோம். பச்சையாகச் சட்னி அரைக்கிறோம். அங்குக் கழுவிய ஒரு படி மட்டுமே நமக்குக் காவல். மேலும், பறித்த கட்டை வாய்க்கால் நீரிலேயே அலசிச் சந்தைக்கு அனுப்பினால், வெயில் இறக்கிய படிகளையெல்லாம் கிருமிகள் மீண்டும் ஏறிவிடும்.

இரண்டாம் எதிரி: நாளாக ஆகக் கூடுவது

முதல் எதிரி உயிருள்ளது; ஆகவே சாகும். இரண்டாம் எதிரிக்கு உயிரில்லை. ஆகவே சாவும் இல்லை. காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் முதலிய கன உலோகங்களைச் சொல்கிறேன். இவை பெரும்பாலும் சமையலறையிலிருந்து வருவதில்லை. முலாம் பூசும் பட்டறை, மின்கலம், சாயம், உலோக வேலை முதலியவற்றின் கழிவிலிருந்து வருபவை. வெயிலும் கொதியும் இவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தனிமத்தை அடுப்பில் வைத்து அழிக்க முடியாது என்பது அடிப்படை அறிவியல் அல்லவா?

ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில் நடந்ததை அறிந்துகொள்வோம். ஆற்றின் மேற்பகுதியிலிருந்த துத்தநாகச் சுரங்கத்தின் கழிவோடு காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயலில் நெல் நன்றாகவே விளைந்தது. சோறும் நன்றாகவே இருந்தது. பல ஆண்டுகள் உண்டபின், குறிப்பாக நடுவயது கடந்த பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, அசைந்தாலே முறியும் நிலை வந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்படும் 'இத்தாய் இத்தாய்' என்பதே அந்நோயின் பெயராயிற்று. மாசினால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு அதை 1968இல் ஏற்றுக்கொண்டது.

மிகச் சிறிய அளவு எப்படிப் பெரிதாகிறது என்று மற்றொரு கணக்கால் காண்போம். பாசன நீரில் காட்மியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் பரிந்துரை. சரியாக அந்த அளவே இருப்பதாகக் கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10,000 கன மீட்டர் நீர் பாய்ந்தால் 100 கிராம் காட்மியம் சேரும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ. ஆகவே ஆண்டுதோறும் கிலோ மண்ணுக்கு 0.05 மில்லிகிராம் கூடுகிறது. அற்பம்தானே? இருபது ஆண்டுகளில் அது 1 மில்லிகிராம். மாசுபடாத மண்ணில் இயல்பாக இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவே. பரிந்துரைத்த எல்லைக்குள் இருந்த நீரே இப்படிச் செய்யுமானால், எல்லை மீறிய நீரைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? நீரில் அளக்க முடியாத அளவு சிறிதாக இருப்பதை மண் ஆண்டுக்காண்டு சேமித்து வைக்கிறது என்பதே இதன் கருத்து.

மண்ணில் சேர்ந்தது எல்லாம் செடிக்குள் ஏறிவிடுவதில்லை. ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் சிக்கிக்கொள்கின்றன. துத்தநாகம், செம்பு, நிக்கல் ஆகியவை மிகுந்தால், உண்பவருக்குத் தீங்கு வரும் முன் செடியே வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம்தான் கள்ளன்: செடியை வாட்டாமலே இலைக்கு ஏறிவிடும். பயிர்களிலும் வேறுபாடு உண்டு. கீரைகள் மிகுதியாகச் சேர்க்கும், கிழங்கு இடைநிலை, தக்காளி, பீன்ஸ் போன்ற காய்கள் குறைவாகச் சேர்க்கும். மண் அமிலத்தன்மை அடைய அடைய உலோகம் எளிதில் கரைந்து ஏறும். சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைத்தால் ஏறுவது குறையும். மணற்பாங்கான செம்மண்ணைவிடக் களிமண்ணும் தொழு உரமும் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இலைக் காய்கறியில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமையும், ஈயம் 0.3 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸின் வரம்பு. இலைமேல் படிந்த தூசியிலுள்ள ஈயம் கழுவினால் போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் கழுவினாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது. உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கும்.

இரண்டு எதிரிகளுக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கியிருக்கும். கிருமி இன்று உண்டால் நாளை நோய்; தேக்கினால், காய வைத்தால், கொதிக்க வைத்தால் தீரும். உலோகம் இன்று உண்டால் எதுவும் தெரியாது. ஆண்டுகள் கழித்தே தெரியும். வயலிலோ அடுப்படியிலோ அதற்கு முழுத் தீர்வு கிடையாது. அது நீரில் கலக்கும் இடத்திலேயே, அதாவது தொழிற்சாலை வாசலிலேயே, தடுக்கப்பட வேண்டும். வீட்டுச் சாக்கடையோடு கலந்துவிட்டால், பிரிப்பதற்குப் பல மடங்கு செலவாகும். சுத்திகரிப்பு நிலையத்தில் பிரிந்தாலும் உலோகம் சேற்றில் போய்த் திரளும். அந்தச் சேற்றை உரமாகப் போட்டால் பழைய கதைதான்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

காலராவைக் கண்ட இஸ்ரேல் கழிவுநீரைக் கைவிடவில்லை. சுத்திகரித்து, மணற்படுகையில் இறக்கி வடித்து, சொட்டுநீரில் கொடுக்கக் கற்றுக்கொண்டது. இன்று அந்நாட்டுக் கழிவுநீரில் பத்தில் ஒன்பது பங்கு வயலுக்குத்தான் போகிறது. மதுரை அவனியாபுரத்தில் நகராட்சிக் கழிவுநீரைக் கொண்டு தீவனப்புல் வளர்த்தார்கள். மனிதன் நேராக உண்ணாத பயிரைத் தேர்ந்தது அதன் சிறப்பு. பெங்களூரின் இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்த நீரை 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். வறண்ட கோலாரில் நிலத்தடி நீர் உயர்ந்தது என்று மகிழ்பவர்களும் உண்டு; மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் செய்து அனுப்புங்கள் என்று நீதிமன்றம் வரை சென்றவர்களும் உண்டு. இரண்டாம் கட்டம் கரிமப் பொருளைத்தான் முக்கியமாக நீக்குகிறது; எஞ்சிய சத்துகளையும் கிருமிகளையும் குறைப்பது மூன்றாம் கட்டத்தின் வேலை. வாதத்தின் மையம் இதுதான்.

நாம் செய்யத்தக்கவை

விவசாயப் பெருமக்கள்: கால்வாய் நீரைக் குட்டையில் தேக்கி மேல்நீரைப் பாய்ச்சலாம். தெளிப்பான் வேண்டாம்; சொட்டுநீர் நன்று. நீர் பாய்ச்சும்போது காலுறைப் பூட்ஸ் அணிவதும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகால் கழுவுவதும், வீட்டாருக்கு மருத்துவர் சொற்படி குடற்புழு மாத்திரை கொடுப்பதும் கட்டாயம். கிணறு உள்ளவர்கள் கடைசி இரண்டு மூன்று நீரைக் கிணற்றிலிருந்து விடலாம். கட்டுகளை அந்த நீரிலேயே அலசலாம். ஆற்று நீர் மட்டுமே கிடைக்கும் நிலத்தில் கீரையைவிடத் தக்காளி, பீன்ஸ் மேல். அதைவிட ரோஜாவும் மல்பெரியும் மேல். ஓசூர்ப் பகுதிக்கு இவை புதியவையும் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைச் சோதிக்கும்போது உப்பு, சோடியம், கன உலோகம் ஆகியவற்றையும் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

இல்லத்தரசிகளும் இளைஞர்களும்: கீரையை வேரும் மண்ணும் நீக்கி, ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கொத்தமல்லியைக் குழம்பு கொதிக்கும்போதே போடுங்கள். மணம் சிறிது குறையும், பாதுகாப்பு மிகும். ஒரே வகைக் கீரையை ஒரே இடத்திலிருந்து நாள்தோறும் வாங்காமல் மாற்றி மாற்றி உண்பது, உலோகம் ஓரிடத்திலிருந்தே சேர்வதைக் குறைக்கும்.

ஆட்சியாளர்களும் தொழிலதிபர்களும்: வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஒரே வாய்க்காலில் ஓடக்கூடாது. ஆற்று நீரை மட்டும் சோதித்தால் போதாது. மண்ணையும் சந்தைக் காய்கறியையும் சோதித்து, முடிவை விவசாயிக்குப் புரியும் தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட வேண்டும். எல்லைக்கு மேலே ஒரு மாநிலம், கீழே ஒரு மாநிலம் என்று ஆற்றுக்குத் தெரியாது. இரு மாநிலங்களும் கொடியாளத்தில் எடுக்கும் அளவீட்டை ஒரே அளவீடாக ஏற்றால் பாதி வழக்கு தீரும்.

மாணவ நண்பர்களே, வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் நல்ல நீரை நிரப்பி, ஒரு சிட்டிகை நுண்மணலும் ஒரு சிட்டிகை களிமண் தூளும் போட்டுக் கலக்கி வையுங்கள். மணல் நொடிகளில் அடங்கும். களிமண் மறுநாளும் நீரைக் கலங்க வைத்திருக்கும். புழு முட்டைக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே கண்டுவிடுவீர்கள். இதற்காக ஆற்று நீரையோ சாக்கடை நீரையோ கையால் அள்ள வேண்டாம்.

தலைப்புக் கேள்விக்கு விடை இனிக் கடினமன்று. வீட்டுக் கழிவு மட்டும் கலந்த நீர் என்றால், ஏழு படியும் இறங்கிய பிறகு உண்ணலாம். ஆலைக் கழிவும் கலந்த நீர் என்றால், மண்ணையும் இலையையும் சோதிக்காமல் யாரும் 'உண்ணலாம்' என்று உறுதி கூற முடியாது. 'விஷம்' என்று கூறி அந்த விவசாயியின் விளைச்சலைத் தெருவில் கொட்டவும் உரிமையில்லை. சோதனை முடிவைக் கேட்டுப் பெறுவதே இருவருக்கும் நீதி. நுரையைப் பார்த்துப் பயப்படுவதோடும், நுரை அடங்கியதும் மறந்துவிடுவதோடும் நில்லாமல், லிட்டருக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் தொடங்கட்டும்.